"அம்பாசிடர் ஃபில்டர் ஒண்ணு குடுங்க" என்று கேட்கிறவர்களுக்கு

அம்பாசிடரை இன்னும் விற்காமல் வைத்திருக்கும் அன்பர்களுக்கு,



உங்களில் சிலர் அப்பா ஓட்டிய வண்டியைக் கைவிட மனம் வராமல் வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். சிலர் முகூர்த்த நாட்களில் மாப்பிள்ளை அழைப்புக்கும், பழைய காலத்தைக் காட்டும் படப்பிடிப்புகளுக்கும் வாடகைக்கு விடுகிறீர்கள். இன்னும் சிலர், அம்பாசிடரைச் செய்த உத்தரபாரா ஆலையில் 2014 மே மாதம் உற்பத்தி நின்றபோது பள்ளிக்கூடப் பை சுமந்துகொண்டிருந்தவர்கள். சம்பாதிக்க ஆரம்பித்ததும் ஊர் ஊராகத் தேடி ஒரு மார்க் 4 வாங்கி நிறுத்தியிருக்கிறீர்கள். மூன்று வகையினரும் உதிரிபாகக் கடைக்கு வந்து சொல்வது ஒரே வாக்கியம்தான்: "அண்ணே, அம்பாசிடர் ஆயில் ஃபில்டர் ஒண்ணு குடுங்க."

கல்லாவுக்கு உள்பக்கம் நின்று பழகியவன் நான். "எந்த இன்ஜின்?" என்று திருப்பிக் கேட்டால் பலருக்கும் முகம் சுருங்கும். "அம்பாசிடர் இன்ஜின்தான்" என்பார்கள், கொஞ்சம் எரிச்சலோடு. அப்படி ஒரு இன்ஜின் கிடையாது. அது தெரியாமல் ஒரு டப்பாவை வாங்கிக்கொண்டு போய் மாட்டி, நன்றாக ஓடிக்கொண்டிருந்த இன்ஜினைக் கெடுத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் இந்த மடல்.

வெளிக்கூடு ஒன்று, உள்ளே இருப்பது பல. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அப்படியே எடுத்து, ஐம்பதுகளின் கடைசியில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அம்பாசிடர் ஆக்கியது. முதலில் வந்தவற்றில் 1476 சி.சி. பக்கவால்வு இன்ஜின். அது சீக்கிரமே போய், 1489 சி.சி. பி.எம்.சி. 'பி' வரிசை பெட்ரோல் இன்ஜின் வந்தது. நம்மில் பெரும்பாலோர் அம்பாசிடர் என்றதும் காதில் கேட்பது இதன் சத்தத்தைத்தான். எண்பதை ஒட்டி அதே குடும்பத்தில் ஒரு டீசல் வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஜப்பானின் இசுசு நிறுவனத்தின் 1817 சி.சி. பெட்ரோல், பிறகு இரண்டு லிட்டர் இசுசு டீசல். இவை கம்பெனி போட்டவை. வண்டிக்காரர்கள் தாங்களாகவே போட்டவை தனிக் கணக்கு. டீசல் விலை குறைவாக இருந்த நாட்களில் வாடகை வண்டிக்காரர்கள் எத்தனையோ பேர் பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு மட்டடார் வேனின் டீசல் இன்ஜினை உட்காரவைத்தார்கள். அந்த வண்டிகள் இன்று மூன்றாவது, நான்காவது கை மாறி உங்களிடம் வந்திருக்கின்றன. பின்பக்கம் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்து உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல முடியாது.

ஆகவே முதல் வேலை கடைக்குப் போவது இல்லை. பானெட்டைத் திறப்பது. ஸ்பார்க் பிளக் ஒயர்கள் போகின்றனவா, அல்லது பம்ப்பிலிருந்து இன்ஜெக்டர்களுக்கு இரும்புக் குழாய்கள் போகின்றனவா பாருங்கள். பெட்ரோலா டீசலா என்பது அதிலேயே தெரிந்துவிடும். பிறகு பிளாக்கில் அடித்திருக்கும் எண்ணைத் துடைத்துவிட்டு ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் ஃபில்டரைவிடப் பெரிய வேலை ஒன்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காத்திருக்கிறது. இன்ஜின் மாற்றத்தைப் பதிவு செய்யாமல் ஓட்டுவது சட்டப்படி தவறு. விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் தேடுவது அந்தப் பக்கத்தைத்தான். அதை இத்தோடு விடுகிறேன்.

1489 பெட்ரோல் என்றால், கார்புரேட்டர் ஒரு பக்கம், டிஸ்ட்ரிபியூட்டர் எதிர்ப்பக்கம் இருக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்தில், கொஞ்சம் கீழே, பிளாக்கோடு ஒட்டினாற்போல ஓர் இரும்புக் கிண்ணம் தொங்கும். அடியில் ஒரே ஒரு போல்ட் தலை. அதுதான் இடம். எண்ணெயும் தூசியும் ஒட்டி, சம்ப்பின் ஒரு பாகம்போலவே கறுத்துக் கிடப்பதால், வண்டி வாங்கியதிலிருந்து அதைப் பார்த்ததே இல்லை என்று சொல்பவர்களும் உண்டு. "ஆயில் மட்டும் மாத்துனேன், ஃபில்டர் எங்கன்னே தெரியல" என்பதை அவர்கள் வெட்கமில்லாமல் சொல்வது எனக்குப் பிடிக்கும். தெரியாததைக் கேட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இந்தக் கிண்ண வகையில் வெளிக்கூடு நிரந்தரம். உள்ளே இருக்கும் காகித உருளை மட்டும்தான் மாறும். இசுசு இன்ஜினுக்குப் போனால், முழு டப்பாவையே திருகிக் கழற்றி எறிகிற வகை. மட்டடார் டீசலில் இருப்பது இந்த இரண்டோடும் சேராத வேறு ஏற்பாடு. அதற்கு மட்டடார் என்றே கேட்டு வாங்க வேண்டும். கடையில் "அம்பாசிடருக்கு" என்று சொன்னால் எதிரில் நிற்கும் பையன் இதில் எதை வேண்டுமானாலும் எடுத்து நீட்டலாம். அவன் மேல் தவறில்லை.

சரி, 1489 பெட்ரோல்தான் என்று தெரிந்துவிட்டது. இனி அந்த உருளையை வாங்கிவிடலாம் என்றால், அதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. இந்த 'பி' வரிசை இன்ஜின் உலகம் சுற்றியது. ஆஸ்டின் கேம்பிரிட்ஜ், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு, எம்.ஜி.ஏ., பிறகு கொள்ளளவைக் கூட்டி எம்.ஜி.பி. என்று பலவற்றில் இருந்தது. அங்கேயே ஒரே மாடல் காருக்கு டெக்காலமிட் செய்த கிண்ணமும் வந்தது, பியூரோலேட்டர் செய்த கிண்ணமும் வந்தது. இங்கே நாற்பது, ஐம்பது வருடத்தில் எத்தனை கிண்ணங்கள் கை மாறியிருக்கும் என்று யோசியுங்கள். உங்கள் வண்டியில் தொங்குவது அதனோடு பிறந்ததாக இருக்க வேண்டியதில்லை. சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் எடுத்ததாக இருக்கலாம்.

அதனால் பெயரை விட்டுவிட்டு அளவைப் பிடியுங்கள். பழைய உருளையை வெளியே எடுத்து, வெர்னியர் வைத்து நான்கு அளவு: வெளி விட்டம், உயரம், மேல் துளை, கீழ்த் துளை. மேல் துளையும் கீழ்த் துளையும் ஒன்றாகவே இருக்கும் என்று நினைக்க வேண்டாம். உயரம் இரண்டு மில்லிமீட்டர் குறைந்தாலும் கிண்ணம் மூடிக்கொள்ளும், கசியாது, வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். ஆனால் உருளையின் முனை தலைப்பகுதியில் அழுந்தி உட்காராது. எண்ணெய்க்குச் சுலபமான வழி கிடைத்துவிட்டால் காகிதத்துக்குள் நுழைந்து கஷ்டப்படுமா? சந்து வழியே நேராக பேரிங்குக்குப் போய்விடும். ஃபில்டர் மாற்றினோம் என்ற நிம்மதியோடு நீங்கள் ஃபில்டர் இல்லாத வண்டியை ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். பழைய உருளையே தவறான அளவாக இருந்து தொலைத்திருந்தால்? அதையும் பார்த்துவிடலாம். உருளையின் இரு முனைகளிலும் வட்டமாக அழுந்திய தடம் இருக்க வேண்டும். தடம் இல்லையென்றால் அது ஒருநாளும் வேலை செய்யவில்லை.

சென்னையில் ஜி.பி. ரோட்டுக் கடைகளில் இந்த உருளைகள் இன்றும் கிடைக்கின்றன; அளவைச் சொன்னால் தேடித் தரும் ஆட்கள் இருக்கிறார்கள். இங்கே கிடைக்காதபோது எம்.ஜி. கார்களுக்கு உதிரிபாகம் விற்கும் இங்கிலாந்துக் கடைகளிலும் அளவு ஒத்த உருளைகள் கிடைக்கக்கூடும். பழைய இருப்பில் வருஷக்கணக்காகக் கிடந்த உருளையைப் பார்த்தால் உடனே ஆசைப்பட வேண்டாம். உறை பிரியாமல் இருக்கிறதா, காகித மடிப்புகள் தகட்டோடு ஒட்டியிருக்கும் இடத்தில் பசை விட்டிருக்கிறதா, விரலால் மெல்லத் தள்ளிப் பாருங்கள். உருளை நன்றாக இருந்தாலும் கூடவே வரும் ரப்பர் வளையத்தைப் பயன்படுத்தாதீர்கள். ரப்பருக்கு வயதாகும், பெட்டிக்குள் இருந்தாலும்.

அந்த வளையத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கிண்ணத்தின் விளிம்பு மேலே தலைப்பகுதியில் ஒரு காடிக்குள் போய் உட்காரும். அந்தக் காடிக்குள்தான் வளையம் இருக்கும். பல வருடச் சூட்டில் அது கல்லாகி, காடியின் அடிப்பாகம்போலவே ஆகியிருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தாலும் ரப்பர் என்று தெரியாது. அவசரக்காரர்கள் அதன் மேலேயே புது வளையத்தை வைத்து மூடிவிடுவார்கள். சில நேரம் மூன்று வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வெளியே வந்ததும் உண்டு. நிறுத்தி வைத்திருக்கும்போது கசியாது. எண்ணெய் அழுத்தம் ஏறியதும் மேலே இருக்கும் வளையம் பிதுங்கும். ஒரு கோணி ஊசியால் காடியைச் சுற்றிக் குத்திப் பாருங்கள். ஊசி இரும்பில் பட்டால் 'டிக்' என்று சத்தம் வரும். ரப்பரில் பட்டால் சத்தம் வராது. சுற்றிலும் 'டிக்' கேட்கும்வரை தோண்ட வேண்டும். புது வளையத்தைப் போடும்போது ஒரு முனையிலிருந்து விரலால் தேய்த்துக்கொண்டே போனால் ரப்பர் இழுபட்டு, கடைசியில் ஒரு இடத்தில் மேடு கட்டும். நாலு திசையிலும் ஒரே நேரத்தில் அழுத்தி உள்ளே இறக்குங்கள்.

சைக்கிள் ட்யூபை வெட்டி வளையம் செய்து தரும் கைத்திறன் நம்மூர்ப் பட்டறைகளில் உண்டு. மற்ற இடங்களில் அந்தத் திறமையைக் கும்பிடுவேன், இங்கே வேண்டாம். ட்யூப் ரப்பர் எண்ணெயில் ஊறி உப்பிவிடும். எண்ணெய்க்கு நிற்பது நைட்ரைல் ரப்பர். கடையில் அந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

இனி மாற்றும் வேலை. வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டி வந்து, சூடு இருக்கும்போதே சம்ப் டிரெயின் போல்ட்டைக் கழற்றுங்கள். குளிர்ந்த எண்ணெயில் அழுக்கு அடியிலேயே தங்கிவிடும். செப்பு வாஷரைப் புதிதாகப் போடுங்கள். பிறகு கிண்ணத்தின் அடியில் ஒரு தட்டை வைத்துவிட்டு, அந்த நீள போல்ட்டை விடுங்கள். கிண்ணம் நிறைய எண்ணெய் இருக்கும், கையோடு வரும். உள்ளே இருப்பதை அப்படியே குப்பையில் கவிழ்த்துவிட வேண்டாம். இந்த இடத்தில்தான் நாட்டில் பாதி அம்பாசிடர்களின் ஃபில்டர் செத்துப்போனது என்பேன். உருளைக்குக் கீழே ஒரு அழுத்துத் தகடு, அதற்குக் கீழே நடு போல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் ஒரு சின்ன ஃபெல்ட் அல்லது ரப்பர் வாஷர், அதற்குக் கீழே ஒரு இரும்பு வாஷர், அடியில் ஸ்பிரிங். அந்த இரண்டு வாஷரும் பழைய உருளையின் பிசுக்கில் ஒட்டிக்கொண்டு, அதனோடேயே குப்பைக்குப் போய்விடும். போனது யாருக்கும் தெரியாது. ஸ்பிரிங் உருளையைத் தூக்கிப் பிடிக்கும், கிண்ணம் மூடும், கசியாது. ஆனால் நடு போல்ட்டைச் சுற்றியிருக்கும் இடைவெளி வழியாக, வடிகட்டாத எண்ணெய் நேராக உருளையின் உட்பக்கம் ஏறிவிடும். எந்தப் புது உருளை போட்டாலும், எவ்வளவு விலை கொடுத்தாலும், அது வெறும் அலங்காரம்.

ஆகவே கழற்றும் வரிசையிலேயே ஒரு செய்தித்தாளில் இடமிருந்து வலமாக அடுக்கி, கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாஷர் இல்லையென்றால் தேடிப் பிடித்துப் போடுங்கள். இருந்தால், போல்ட்டில் செருகிப் பாருங்கள்; தானாக வழுக்கி விழுந்தால் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும். கிண்ணத்தின் அடியில் படிந்திருக்கும் கறுப்புக் களியை மண்ணெண்ணெயில் கழுவித் துடையுங்கள். நூல் பிரியும் கந்தைத்துணி வேண்டாம், அந்த நூல் உள்ளேயே தங்கிவிடும். திரும்ப மாட்டும்போது, கிண்ணத்தைக் கையால் மெல்லச் சுற்றிக்கொண்டே போல்ட்டை இறுக்குங்கள். விளிம்பு காடிக்குள் நேராக உட்காருவது கைக்குத் தெரியும். சின்ன ஸ்பானர் போதும். நீளக் குழாயைச் செருகி இறுக்குகிறவர்கள் தலைப்பகுதியின் மரையைத் தின்றுவிடுவார்கள்.

இசுசு இன்ஜின்காரர்களுக்கு வேலை சுலபம், ஆபத்து வேறு. திருகு டப்பாக்கள் பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். மரை மட்டும் வேறு. முக்கால் அங்குலத்தில் அங்குலத்துக்குப் பதினாறு மரை என்பது ஒரு வகை. 20 மில்லிமீட்டரில் ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி என்பது இன்னொரு வகை. முக்கால் அங்குலம் என்பது 19.05 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசமில்லை. முக்கால் அங்குல டப்பா 20 மில்லிமீட்டர் தண்டில் ஏறவே ஏறாது, அது நல்லது. தலைகீழாக நடந்தால்தான் வினை. 20 மில்லிமீட்டர் டப்பா முக்கால் அங்குலத் தண்டில் அண்ணன் சட்டையைப் போட்ட தம்பி மாதிரி தொளதொளவென்று ஏறும். கொஞ்சம் ஆடும், கடைசியில் இறுகியதுபோலவும் இருக்கும். விடியற்காலையில் குளிர்ந்த, கெட்டியான எண்ணெயோடு இன்ஜினைக் கிளப்பி ஆக்ஸிலரேட்டரை மிதித்தால், அந்த அழுத்தத்தில் மரை உருவிக்கொண்டு டப்பா கழன்று விழும். இன்ஜினில் இருக்கும் எண்ணெய் முழுவதும் தரைக்கு வந்துவிட அதிக நேரம் ஆகாது. ஆகவே திருகும்போது ஆட்டம் தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். "ரப்பர் இறுக்கிப் பிடிச்சுக்கும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

மற்றபடி பழைய டப்பாவின் ரப்பர் வளையம் பிளாக்கிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டதா என்று விரலால் தடவிப் பாருங்கள். புது வளையத்தில் புது எண்ணெயைத் தடவி, அது பிளாக்கைத் தொட்ட பிறகு கையால் முக்கால் சுற்று. அவ்வளவுதான். கழற்ற வராத டப்பாவில் ஸ்க்ரூடிரைவரைக் குத்தித் திருப்புவது வீரம்தான். தகடு கிழிந்து, பிடிக்க ஒன்றுமில்லாமல் நிற்கும்போது வீரம் இறங்கிவிடும். செயின் ரெஞ்ச் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் இன்ஜினில் எண்ணெய் ஊற்றிய பிறகு உடனே கிளப்பாதீர்கள். கிண்ணம் காலியாக இருக்கிறது. காயிலிலிருந்து வரும் நடு ஒயரைக் கழற்றி, பிளாக்கில் தொடும்படி வைத்துவிட்டு, ஸ்டார்ட்டரை மட்டும் விட்டு விட்டுச் சுற்றுங்கள். டீசலில் ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்துக்கொண்டு இதையே செய்யலாம். மீட்டர் முள் எழும்பும், அல்லது விளக்கு அணையும். பிறகு கிளப்புங்கள். நல்ல நிலையில் இருக்கும் 1489 சூடான பிறகு சாலையில் 50 பவுண்டு அழுத்தத்தை ஒட்டி நிற்கும். ஐடிலில் அதைவிட நன்றாக இறங்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நிறுத்திவிட்டு, சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். புத்தகத்தில் இத்தனை லிட்டர் என்று போட்டிருப்பதைவிட டிப்ஸ்டிக் கோடு நம்பகமானது. சம்ப்பில் கொஞ்சம் பழைய எண்ணெய் எப்போதும் தங்கும்.

இங்கே ஒரு வாதத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். "என் வண்டியில் பிரஷர் நன்றாகத்தான் இருக்கிறது, ஃபில்டர் அடைத்திருந்தால் பிரஷர் போயிருக்குமே" என்பார்கள். போகாது. ஃபில்டர் தலைப்பகுதிக்குள் ஒரு வால்வு இருக்கிறது. உருளைக்கு முன்னும் பின்னும் அழுத்த வித்தியாசம் 15 முதல் 20 பவுண்டுக்கு மேல் போனால் அது திறந்துகொண்டு, எண்ணெயை வடிகட்டாமலே அனுப்பும். அழுக்கு எண்ணெய் கிடைத்தாலும் பரவாயில்லை, எண்ணெயே கிடைக்காமல் போகக்கூடாது என்பது வடிவமைத்தவர்களின் கணக்கு. சரியான கணக்கு. ஆனால் அதனாலேயே அடைத்துப்போன ஃபில்டர் உங்களிடம் எந்தப் புகாரும் செய்யாது. மீட்டரை நம்பி வருஷத்தைத் தள்ளாதீர்கள்.

இன்னொரு வாதம் பெரியவர்களிடமிருந்து வரும்: "அந்தக் காலத்துல ஃபில்டரே கிடையாது, வண்டி ஓடலையா?" ஓடியது. எர்னஸ்ட் ஸ்வீட்லேண்ட் என்பவர் அமெரிக்காவில் 1923இல் கார் இன்ஜினுக்கு எண்ணெய் வடிகட்டியைக் கொண்டுவரும்வரை வெறும் கம்பி வலைதான் இருந்தது. எண்ணெயை ஓயாமல் மாற்றிக்கொண்டும், பேரிங்குக்கு ஈயம் உருக்கி ஊற்றிக்கொண்டும் ஓட்டினார்கள். அந்த வேலை தெரிந்த கைகள் இன்று உங்கள் ஊரில் எத்தனை இருக்கின்றன என்று அந்தப் பெரியவரிடமே கேளுங்கள். காகித உருளையைப் பெட்ரோலில் அலசித் திரும்பப் போடலாம் என்பதும் பழைய துணி, ஃபெல்ட் உருளைகளின் காலத்து யோசனை. காகிதத்தை அலசினால் அழுக்கு உள்ளே இன்னும் ஆழமாகப் போகும், அல்லது மடிப்பு கிழியும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கழற்றிய பழைய உருளையை எறியாதீர்கள். ஒரு இரவு கவிழ்த்து வைத்து எண்ணெயை வடியவிடுங்கள். மறுநாள் பிளேடால் காகிதத்தை இரு முனைகளிலும் வெட்டி, மடிப்புகளை ஒரு வெள்ளைத்தாளின் மேல் முழு நீளத்துக்கு விரித்து, வெயிலில் வையுங்கள். திருகு டப்பாவாக இருந்தால் விளிம்பை ஆக்ஸா பிளேடால் அறுக்கக்கூடாது. அறுக்கும் தூள் காகிதத்தில் விழுந்து உங்களையே ஏமாற்றும். தகடு வெட்டும் கத்தரியால் வெட்டுங்கள்.

இப்போது சாய்வாகப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். சீரான கறுப்பு, டீசலில் இன்னும் அடர்ந்த கறுப்பு: அது புகைக்கரி, அது வருவது சகஜம். மெல்லிய, சில மினுக்குகள் மட்டும் என்றால் அதுவும் பழைய இன்ஜினுக்கு உரியதே. ஒரு காந்தத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மேலே நகர்த்துங்கள். ஒட்டிக்கொண்டு வருவது இரும்பு. ரிங், கேம், டேப்பட் இவற்றில் ஏதோ தேய்கிறது. ஒட்டாத வெள்ளிச் செதில்கள் இரண்டு இடத்திலிருந்து வரலாம். பிஸ்டனின் அலுமினியமாக இருக்கலாம், பேரிங்கின் மேல்பூச்சாக இருக்கலாம். செதிலை நகத்தால் அழுத்துங்கள். ஈயம்போல மசிந்து கொடுத்தால் பேரிங் என்று சந்தேகப்படலாம். செம்பு நிறத்தில் பளபளத்தால் சந்தேகமே வேண்டாம். பேரிங் ஷெல்லில் மேலே மிருதுவான பூச்சு, அதற்கடியில் செம்பு கலந்த அடுக்கு, அதற்கடியில் எஃகு. செம்பு தெரிகிறதென்றால் மேல்பூச்சு போய்விட்டது. 1489 இன்ஜினில் கிராங்கைத் தாங்குவது மூன்றே மெயின் பேரிங்குகள். அந்த வண்டியைத் திருப்பதிக்கு எடுத்துப் போகாமல் பட்டறைக்கு எடுத்துப் போங்கள். இன்று ஷெல் மாற்றினால் அதோடு போகும். விட்டால் கிராங்கைக் கடைந்து அடுத்த அளவுக்குப் போக வேண்டிவரும்.

காகிதத்தில் மோர்போல வெளுத்த களி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ரேடியேட்டர் தண்ணீர் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கட்டைப் பாருங்கள். தண்ணீர் குறையவில்லை, வண்டி வாரம் ஒருமுறை தெருமுனை வரை போய் வருவதோடு சரி என்றால் வெறும் ஈரம்தான். இன்ஜின் முழுச் சூடு ஏறாததால் ஆவியாகாமல் நின்றிருக்கிறது. அதற்கு மருந்து ஒரு நல்ல நீண்ட பயணம். விரித்த காகிதத்தைத் தேதி எழுதிப் படம் எடுத்து வைத்துக்கொண்டால், அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒரு படத்தைவிட இரண்டு படம் அதிகம் சொல்லும்.

பல வருடம் தூங்கிய வண்டியை எழுப்பியவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. இன்றைய எண்ணெய்களில் அழுக்கைக் கரைக்கும் மருந்து சேர்க்கப்பட்டிருக்கிறது. உள்ளே அடையாகப் படிந்திருந்த பழைய களியை அது இளக்கிவிடும். இளகியது எல்லாம் ஃபில்டருக்கு வரும். முதல் உருளையை முழுத் தவணைக்கு ஓட்டாமல், சில நூறு கிலோமீட்டரில் மாற்றிவிடுங்கள். பிறகு 5000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, ஓட்டம் குறைவென்றால் வருஷத்துக்கு ஒருமுறை. உங்கள் கார் அலங்காரத்துக்கு மட்டும் நிற்கிறது என்றாலும் வருஷம் ஒருமுறைதான்.

மாற்றியபின், இன்ஜின் வகை, உருளையின் நான்கு அளவு, வளையத்தின் அளவு, திருகு டப்பாவானால் மரை, மாற்றிய தேதி, மீட்டர் கிலோமீட்டர் எல்லாவற்றையும் ஒரு துண்டுத் தகட்டில் பெயின்ட் செய்து பானெட்டின் உட்புறம் திருகி வையுங்கள். காகிதம் சூட்டில் நிற்காது. வண்டி உங்கள் கையைவிட்டுப் போனாலும் தகடு அதனோடு போகும்.

கடைசியாக, வடித்த எண்ணெய். அதைக் கரையானுக்கு மருந்தென்று வேலிக்கால்களிலும், துருவுக்கு மருந்தென்று சேஸிஸிலும் பூசும் பழக்கம் நமக்கு உண்டு. மழை பெய்தால் அது கிணற்றுக்குத்தான் போகும். பயன்படுத்திய இன்ஜின் ஆயில் அபாயகரக் கழிவு என்று 2016ஆம் ஆண்டு விதிகளே சொல்கின்றன. பெரிய பட்டறைகளில் அதற்கென்று பீப்பாய் இருக்கும். மறுசுழற்சிக்கு எடுப்பவரிடம் கொடுக்கிறார்களா என்று கேட்டுவிட்டு அதில் ஊற்றுங்கள். புது எண்ணெய் வந்த காலி டப்பாவின் அடியில் ஒரு ஆணியால் துளை போட்டுவிட்டு எறியுங்கள். முழு டப்பாவுக்கும் முத்திரை மூடிக்கும் விலை கொடுக்க ஆள் இருக்கிறது. அதில் எதை நிரப்பி யாருக்கு விற்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஃபில்டர் பெட்டியையும் அதேபோலக் கிழித்துப் போடுங்கள்.

அன்புடன்,
உதிரிபாகக் கடைக்காரன் ஒருவன்